பின்னால் வருவதைக் காட்டாத கண்ணாடி
(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



நம் லேப்பில் ஒரு மூலையில் ஸ்டீயரிங், பெடல், பழைய கார் சீட், கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட் என்று ஒரு செட்டப் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹெட்செட்டை மாட்டினால் நாம் ஒரு காருக்குள் உட்கார்ந்திருப்போம். தலையைத் திருப்பினால் பக்கத்துக் கதவு தெரியும். குனிந்தால் கியர் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ரேஸ் டிராக் நம்மை நோக்கி ஓடி வரும். எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் இல்லை. மூன்று கண்ணாடிகளும் கன்னங்கரேலென்று இருந்தன. பின்னால் வருகிறவன் யார், எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று தெரியாமல் எத்தனை பேர் இடி வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அந்தக் கண்ணாடியைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். ஒரு செமஸ்டர் ஓடிவிட்டது. அதில் கற்றதை நம் மலரில் எழுதி வைத்தால் அடுத்து வரும் ஜூனியர்களுக்கு உதவுமே என்றுதான் இந்தக் கட்டுரை. விளையாட்டின் பெயர் எதற்கு? இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும்.

முதலில் ஒரு பழைய கதை

1911ஆம் ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயம் முதன்முறையாக நடந்தது. அந்தக் காலத்து ரேஸ் கார்களில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்காருவார். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. ரே ஹாரூன் என்பவர் மட்டும் தன் மார்மன் வாஸ்ப் காரில் தனியாக வந்தார். மற்ற டிரைவர்கள் ஆட்சேபம் செய்யவே, காரின் மேல் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வந்து நின்றார். மணிக்கு சராசரி 74.6 மைல் வேகத்தில் ஓட்டிப் பந்தயத்தையும் ஜெயித்தார். ரேஸ் காரில் பின்பக்கக் கண்ணாடி வந்தது இப்படித்தான் என்று சொல்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செங்கல் பாவிய அந்த டிராக்கில் கார் குலுங்கிய குலுங்கலில் கண்ணாடியில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டாராம்! கண்ணாடி இருப்பது வேறு, அதில் தெரிவது வேறு. இன்றும் இது தீராத தலைவலிதான். 2023ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் கார்களின் கண்ணாடி அகலத்தை 150 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டராகக் கூட்டினார்கள். பின்னால் வருகிற கார் டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

கம்ப்யூட்டருக்குள் கண்ணாடி எப்படி வருகிறது?

நிஜக் கண்ணாடிக்குச் செலவே கிடையாது. வெளிச்சம் விழுகிறது, திரும்புகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. காரின் பின்புறத்தைப் பார்த்தபடி கண்ணுக்குத் தெரியாத ஒரு கேமரா வைக்கப்படுகிறது. அது பார்க்கும் டிராக், கார், மரம், வானம் எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக ஒரு முறை வரைகிறது. அந்தப் படத்தை (இதற்கு டெக்ஸ்சர் என்று பெயர்) இடவலமாகத் திருப்பி, கண்ணாடி வடிவத்தின் மேல் சுவரொட்டி மாதிரி ஒட்டிவிடுகிறது. ஆகவே நாம் பார்ப்பது கண்ணாடி அல்ல, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிய ஒரு சின்ன டி.வி. இந்த ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொண்டால் பாதிக் கோளாறு தானாகப் புரிந்துவிடும்.

ஹெட்செட்டில் இன்னொரு சங்கடம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வரைய வேண்டும். 2016ல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளிகள், வினாடிக்கு 90 படங்கள். அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லி செகண்டுதான். அதற்குள் இடது கண், வலது கண், கண்ணாடி எல்லாம் முடிந்தாக வேண்டும்.

கோளாறு தேடும் வழி

நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே என்ஜினைப் பிரிப்போமா? மாட்டோம். கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று முதலில் பாதியாகப் பிரித்துப் பார்ப்போம். இங்கேயும் அதே வழிதான். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண மானிட்டரில் விளையாட்டை ஓட்டுங்கள். மானிட்டரிலும் கண்ணாடி கறுப்பு என்றால் கோளாறு விளையாட்டின் செட்டிங்கில். மானிட்டரில் சரியாக இருந்து ஹெட்செட்டில் மட்டும் இல்லையென்றால் கோளாறு வி.ஆர். பக்கம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நான் இதைச் செய்யாமல் முதல் மூன்று நாட்களை வீணாக்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். நான்கு செட்டிங்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

இனி நாங்கள் சந்தித்த கோளாறுகள்:

1. கண்ணாடி கறுப்பு. மானிட்டரிலும் கறுப்பாகவே இருந்தது. காரணம் நாங்களேதான்! படம் திக்காமல் ஓட வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கண்ணாடி அளவை 'ஆஃப்' செய்து வைத்திருக்கிறார். இதை வீடியோ செட்டிங்கில் தேடுங்கள். 2014ல் வெளிவந்த அசெட்டோ கோர்சா போன்ற விளையாட்டுகளில், காரில் இருக்கும் கண்ணாடி தவிர, திரையின் மேல்பக்கம் மிதக்கும் ஒரு தனிக் கண்ணாடியும் உண்டு. அதில் எஃப்11 சாவியை அழுத்தினால் அது வரும், மறுபடி அழுத்தினால் போகும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

2. கண்ணாடி இருக்கிறது, கண்ணுக்கு எட்டவில்லை. ஹெட்செட்டை மாட்டும்போது சீட்டில் சாய்ந்திருந்தவர், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தால் காருக்குள் அவர் தலை முன்னுக்குப் போய்விடும். கண்ணாடி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நேராக உட்கார்ந்து, நேராகப் பார்த்து, உட்காரும் இடத்தை மறுபடி 'சென்டர்' செய்ய வேண்டும். ஆள் மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும்.

3. இடவலம் மாறவில்லை. ஆம்புலன்ஸ் வண்டியின் முகப்பில் அந்தப் பெயரை இடவலம் மாற்றி எழுதியிருப்பார்களே, ஏன்? முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்தால் நேராகப் படிக்கத்தான். அப்படியென்றால் சாதாரண எழுத்து கண்ணாடியில் மாறித் தெரிய வேண்டும். பின்னால் வரும் காரின் நம்பரைக் கண்ணாடியில் நேராகப் படிக்க முடிந்தால் அந்தக் கண்ணாடி தப்பு. வலப்பக்கம் வருகிறவன் இடப்பக்கம் தெரிவான். இதைவிட ஆபத்து வேறில்லை.

4. ஒரு கண்ணில் மட்டும் தெரிகிறது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் படமும் மறு கண்ணில் கறுப்பும் என்றால் பத்து நிமிடத்தில் தலைவலி நிச்சயம். அழகுக்காக நாங்கள் சேர்த்திருந்த ஒரு கூடுதல் காட்சி அலங்காரம் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எழுதப்படாதது. அதை எடுத்ததும் சரியாயிற்று.

5. திக்கல். கண்ணாடியை ஆன் செய்ததும் 90 படம் 45 ஆகிவிட்டது. 11.1 மில்லி செகண்டுக்குள் வேலை முடியாவிட்டால், ஹெட்செட் மென்பொருள் வேகத்தைப் பாதியாக்கி, இடையில் வரவேண்டிய படத்தைத் தானே ஊகித்துப் போடும். வயிற்றைப் பிரட்டுவதற்கு அது போதும்.

6. மங்கல். திக்கலுக்குப் பயந்து அளவை 256 ஆகக் குறைத்தோம். பின்னால் வருவது காரா, கரடியா என்று தெரியவில்லை. 1024 ஆகக் கூட்டினோம். திக்கியது. கடைசியில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

கணக்கு இதுதான். 20 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரம். அது நம் பார்வையில் சுமார் 19 பாகை இடம் பிடிக்கும். ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 90 பாகைக்கு 1080 புள்ளி என்றால் ஒரு பாகைக்கு 12 புள்ளி. பத்தொன்பது பாகைக்கு 230க்கும் குறைவு! கண்ணில் விழப்போவது 230 புள்ளி என்னும்போது 1024 புள்ளி அகலத்தில் வரைந்து என்ன பயன்? ஒரே படத்தை மூன்று கண்ணாடிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாலும்கூட 512 போதும் என்று வைத்தோம். திக்கலும் நின்றது, படமும் தெளிந்தது.

எல்லாம் முடிந்தது என்று மார்தட்டினோம். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தை ஒட்டி இந்த செட்டப்பைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. "கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வாருங்கள்" என்று பெரிய போர்டுகூட எழுதி வைத்தாகிவிட்டது.

டிரைவர் அண்ணன் சொன்னது

அதற்கு முந்தின நாள் நம் காலேஜ் பஸ் டிரைவர் அண்ணன் லேப் பக்கம் வந்தார். "அண்ணே, வந்து உட்காருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று இழுத்து உட்கார வைத்தோம். அண்ணன் ஓட்டினார். வேகமாக இல்லை, பஸ் ஓட்டுகிற மாதிரி நிதானமாக. ஒரு வளைவுக்கு முன்னால் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி முன்பக்கம் நன்றாகக் குனிந்து இடது கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். பிறகு வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினார்.

"தம்பி, இந்தக் கண்ணாடி பொய் சொல்லுது."

"இல்லண்ணே, சரி பண்ணிட்டோம். நல்லாத் தெரியுதே?"

"தெரியுது. ஆனா நான் குனிஞ்சா கூடக் கொஞ்சம் தெரியணும்ல? எப்படிக் குனிஞ்சாலும் அதே படம்தான் நிக்குது. இது கண்ணாடி இல்ல, காலண்டர்."

எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அண்ணன் தொடர்ந்து சொன்னார்: "நம்ம கேட்டுல இடது பக்கம் திரும்புறப்ப தினமும் ஒரு தடவை குனிஞ்சு பார்ப்பேன். போன வருஷம் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தப்போ கண்ணாடியில யாருமே இல்ல. குனிஞ்சு பார்த்தா, ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் சைக்கிள்ல பின் சக்கரத்தை ஒட்டி வந்துட்டு இருக்கான். குனியலேன்னா என்ன ஆயிருக்கும்? இதுல பழகுற பிள்ளைங்க, குனிஞ்சாலும் ஒண்ணும் தெரியாதுன்னுல்ல பழகிக்கும்?"

அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் இன்று நம்மோடுதான் படிக்கிறான். தான் தப்பித்தது அவனுக்கே தெரியாது.

ஏன் அப்படி?

அன்று இரவு ஹாஸ்டலில் ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். படும் கோணம், எதிரொளிக்கும் கோணம் சமம். கண்ணாடியில் தெரியும் பிம்பம், பொருள் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பின்னால். இதையே திருப்பிப் போடுங்கள். நம் கண் கண்ணாடிக்கு முன்னால் 60 சென்டிமீட்டரில் இருந்தால், கண்ணாடிக்குப் பின்னால் 60 சென்டிமீட்டரில் ஒரு 'பொய்க் கண்' இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பொய்க் கண், கண்ணாடிச் சட்டத்தை ஜன்னலாக வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறது. நாம் தலையை அசைத்தால் பொய்க் கண்ணும் அசையும். ஜன்னல் மட்டும் அசையாது. ஆகவே ஜன்னல் வழியே தெரியும் இடம் மாறும்.

எவ்வளவு மாறும்? தலையைக் கண்ணாடிக்கு இணையாக 10 சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை சுமார் ஒன்பதரை பாகை திரும்பும். 50 மீட்டர் பின்னால் அது 8 மீட்டருக்கு மேல்! ஒரு லேன் மூன்றரை மீட்டர் என்றால், இரண்டு லேனுக்கு மேல். வெறும் ஒரு சாண்கூட இல்லாத தலையசைவில் இரண்டு லேன் தெரிகிறது. அண்ணன் குனிவதன் ரகசியம் இதுதான். விளையாட்டிலோ கேமரா காரோடு சேர்த்து ஆணியடித்த மாதிரி இருக்கிறது. தலை எங்கே போனாலும் அதற்குக் கவலையில்லை. சாதாரண மானிட்டரில் விளையாடும்போது இது தெரியாது, ஏனென்றால் அங்கே நம் தலைக்கு வேலையே இல்லை. தலையைப் பின்தொடரும் ஹெட்செட் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படுகிறது.

இன்னொரு பொய்யும் உண்டு: தூரம். மேலே சொன்ன 20 சென்டிமீட்டர் சமதளக் கண்ணாடி 19 பாகை அகலத்தைத்தான் காட்ட முடியும். விளையாட்டின் கேமரா 57 பாகையைப் பிடித்து அதே சட்டத்துக்குள் அடைத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 50 மீட்டரில் வருகிற கார் 150 மீட்டரில் வருவதாகத் தோன்றும். நிஜக் கார்களின் குவிந்த பக்கக் கண்ணாடியில், பொருள் தெரிவதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது என்று எழுதியிருப்பார்களே, அதே சங்கதி. அங்கேயாவது எச்சரிக்கை உண்டு. போதாக்குறைக்கு, ஒரே படத்தை இரண்டு கண்ணுக்கும் காட்டுவதால் ஆழமும் தெரியாது. நிஜக் கண்ணாடியில் தூரத்துக் காரைக் கண் தூரத்தில் தேடும். இங்கே கண்ணாடியின் மேல்தளத்திலேயே நின்றுவிடும். காலண்டர் என்று அண்ணன் சொன்னது எவ்வளவு சரி!

நாங்கள் செய்து பார்த்தது

கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் ஒருவனைப் பிடித்து, ஒரு நேர் ரோடு, பின்னால் ஒரு கார், ஒரே ஒரு கண்ணாடி என்று சின்ன புரோகிராம் எழுதச் சொன்னோம். ஒவ்வொரு படத்துக்கும் பொய்க் கண்ணின் இடத்தைக் கணக்கிட்டு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கண்ணாடிக் காட்சியை வரைய வேண்டும்.

முதல் நாள் ஓட்டியபோது, பின்னால் வந்த கார் உள்வெளியாகத் திருப்பிப் போட்ட சட்டை மாதிரி தெரிந்தது. பானெட்டைக் காணோம், உள்ளிருக்கும் சீட் தெரிகிறது! காரணம் தேடினோம். கம்ப்யூட்டரில் எல்லா உருவமும் சின்னச் சின்ன முக்கோணங்கள். முக்கோணத்தின் மூலைகள் சுற்றும் திசையை வைத்துத்தான் எது வெளிப்பக்கம், எது உள்பக்கம் என்று கிராஃபிக்ஸ் கார்டு முடிவு செய்து, உள்பக்கத்தை வரையாமல் விடுகிறது. கண்ணாடிக்காக உலகத்தையே இடவலம் மாற்றியதும் கடிகாரச் சுற்று எதிர்ச்சுற்று ஆகிவிட்டது. கார்டு வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தை வரைந்துவிட்டது. கண்ணாடிக் காட்சிக்கு மட்டும் அந்த விதியைத் திருப்பிப் போட்டதும் கார் காராகியது.

பிறகு, கண்ணாடிக்கும் பொய்க் கண்ணுக்கும் நடுவே இருக்கும் டேஷ்போர்டும் கதவும் காட்சியை மறைத்தன. கண்ணாடித் தளத்துக்கு முன்பக்கம் இருப்பதை மட்டும் வரையும்படி வெட்டியதும் அதுவும் தீர்ந்தது.

அண்ணனை மறுபடி உட்கார வைத்தோம். குனிந்தார். கண்ணாடி ஓரத்தில் மறைந்திருந்த கார் மெல்ல உள்ளே வந்தது. "ஆங்... இது கண்ணாடி!" என்றார். எங்கள் செமஸ்டர் மார்க்கைவிட அந்த 'ஆங்' பெரிது.

அப்படியானால் எல்லா விளையாட்டிலும் இதைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். மூன்று கண்ணாடி, இரண்டு கண் என்றால் ஆறு கூடுதல் காட்சி. முன்பக்கக் காட்சி இரண்டையும் சேர்த்தால் எட்டு. எல்லாம் அதே 11.1 மில்லி செகண்டுக்குள்! எங்கள் காலி ரோட்டில் முடிந்தது, இருபது கார் ஓடும் ரேஸில் சுலபமில்லை. விளையாட்டை எழுதியவர்கள் தெரியாமல் செய்யவில்லை, செலவு பார்த்துச் செய்திருக்கிறார்கள். ரேஸுக்கு அது போதும். ரோட்டுக்குப் போதாது.

முடிவாக

கண்ணாடி சரியாகிவிட்டதா என்று பார்க்க இப்போது எங்களிடம் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. லேப் சுவரில் ஒட்டியிருக்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்:

அ. மானிட்டரில் தெரிகிறதா?
ஆ. எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா?
இ. இரண்டு கண்ணிலும் தெரிகிறதா?
ஈ. படவேகம் குறையாமல் நிற்கிறதா?
உ. தலையை அசைத்தால் காட்சி அசைகிறதா?

முதல் நான்கும் தேறினால் விளையாடலாம். ஐந்தாவதும் தேறினால்தான் அதைக் கண்ணாடி என்று சொல்லலாம். நாங்கள் நான்கோடு நிறுத்தி, ஐந்தாவது இருப்பதே தெரியாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பினோம். படம் தெளிவாக இருந்ததே எங்களை ஏமாற்றிவிட்டது. கறுப்புக் கண்ணாடி ஒருவரையும் ஏமாற்றாது. தெளிவாகப் பொய் சொல்லும் கண்ணாடிதான் ஏமாற்றும்.

எழுதி வைத்த போர்டை நாங்கள் தூக்கிப் போடவில்லை. மறுபக்கம் திருப்பி வேறு எழுதினோம். "இது ரேஸ் விளையாட்டு. ரோட்டில் கண்ணாடியைக் குனிந்து பாருங்கள், கழுத்தைத் திருப்பியும் பாருங்கள்." பக்கத்திலேயே டிரைவர் அண்ணனும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஹெட்செட்டைக் கழற்றி வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் பஸ் கண்ணாடியைக் காட்டிக் குனிந்து பார்க்கச் சொன்னார். அன்று கூட்டம் எங்கள் ஹெட்செட்டைவிட அவர் பஸ்ஸைச் சுற்றித்தான் அதிகம்.

சைக்கிளில் வரும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பஸ்ஸின் பின் சக்கரத்தை ஒட்டி வராதீர்கள். எல்லா டிரைவரும் குனிந்து பார்க்கிறவர்கள் அல்ல.